அப்பாவிடம் கேட்டீர்களா?

தர்மபுரிப் பக்கம் அறுபதைத் தாண்டிய ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் யாரும் பதறுவதில்லை. "தண்ணி அப்படி" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலிருக்கும் ஃப்ளோரைடு இங்கே பல தலைமுறைப் பற்களைக் காவியாக்கியிருக்கிறது. முதுகையும் முட்டியையும் இறுக்கியிருக்கிறது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. அப்பா வயதுக்காரர்கள் அதற்கு முன்பே வாழ்நாள் தண்ணீரைக் குடித்து முடித்திருந்தார்கள். அதனால், பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் தக்காளியும் ராகியும் போட்டுக்கொண்டிருந்த என் அப்பா, எழுபத்தொரு வயதில், ராத்திரியில் முதுகு வலிக்கிறது என்று சொன்னபோது வீட்டில் எல்லோரிடமும் பதில் தயாராக இருந்தது.

அந்த வலி தண்ணீரால் மட்டும் வந்ததல்ல. புராஸ்டேட் சுரப்பியில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது. ஆனால் நோயைவிட அதிகமாக என்னை உறுத்திக்கொண்டிருப்பது, அதைச் சுற்றி எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதம். வயதான அப்பாவிடம் கேன்சர் என்று சொல்லலாமா? சிகிச்சையை யார் தேர்ந்தெடுப்பது, படித்த பிள்ளைகளா, பெரியப்பாவா, டாக்டரா? சொந்தத்தில் இன்றுவரை இதைப் பற்றி இரண்டு கட்சி இருக்கிறது. நான் எந்தக் கட்சி என்பதையும் ஏன் என்பதையும் ஒரு முறை முழுதாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

எலும்பு வெளுத்துத் தெரிந்தபோது

மூட்டு வலியும் ஃப்ளோரைடு இறுக்கமும் பெரும்பாலும் வேலை செய்தால் கூடும், படுத்தால் கொஞ்சம் அடங்கும். அப்பாவுக்கு நேர்மாறாக இருந்தது. பகலில் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்து வேலை பார்ப்பார். படுத்த பிறகுதான் வலி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதோடு ராத்திரியில் பலமுறை எழுந்து வெளியே போய்வந்தார். சிறுநீர் விட்டு விட்டு வந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் ஊர் ஆண்கள் காலில் முள் குத்தினால் ஊருக்கே சொல்வார்கள். இடுப்புக்குக் கீழே ஏதாவது என்றால் மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். அம்மா கவனித்துதான் எங்களுக்குத் தெரிந்தது.

எக்ஸ்ரேயில் இடுப்புப் பக்கத்து முதுகெலும்பு சில இடங்களில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்த எலும்பு மருத்துவர் உடனே முடிவு சொல்லவில்லை. அதற்காக அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஃப்ளோரைடு ஏறிய எலும்பும் எக்ஸ்ரேயில் அடர்த்தியாக, வெள்ளையாகத் தெரியும். புராஸ்டேட் புற்றுநோய் பரவிய எலும்பும் அப்படித்தான். பல புற்றுநோய்கள் எலும்பை அரித்து ஓட்டையாக்கும். இது புது எலும்பைத் தாறுமாறாகக் கட்டிக்கொண்டு போகும். எங்கள் மாவட்டத்தில் இந்த இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது. அவர் முன்கையையும் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முதுகு வலிக்கு ஏன் கை என்று கேட்டேன். ஃப்ளோரைடு பாதிப்பு இருந்தால் முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருக்கும் என்றார். அப்பாவுக்குப் படிந்திருந்தது. தண்ணீரின் வேலை அதில் தெரிந்தது. ஆனால் ஃப்ளோரைடு எலும்பைப் பரவலாக, ஏறக்குறைய ஒரே சீராக அடர்த்தியாக்கும். முதுகில் தெரிந்ததோ திட்டுத் திட்டாக இருந்தது. "ஒண்ணு இருக்குதுன்னா இன்னொண்ணு இல்லேன்னு அர்த்தமில்லம்மா" என்று சொல்லி பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முதுகு வலியோடு வரும் வயதான ஆண்களுக்கு எங்கள் பகுதி மருத்துவர்கள் இந்த இரண்டாவது யோசனையை யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம். சிறுநீர்ப்பைக்கு அடியில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சின்னச் சுரப்பி அது. ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் வரை பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். வயதால் சுரப்பி வீங்கினாலும், சிறுநீர்த் தொற்று வந்தாலும், சிறுநீர்க் குழாயில் டியூப் போட்டிருந்தாலும் அது ஏறும். அதனால் 6, 8 என்று வந்தால் அதை வைத்து மட்டும் கேன்சர் என்று முடிவு கட்டக்கூடாது. அப்பாவுக்கு 186 வந்தது. அப்புறம் ஸ்கேன் வழிகாட்ட ஆசனவாய் வழியாக ஊசி செலுத்தி, சுரப்பியின் பன்னிரண்டு இடங்களிலிருந்து சதை எடுத்தார்கள். முடிவில் கிளீசன் 4+5=9 என்று எழுதியிருந்தது. 1960களில் டொனால்ட் கிளீசன் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் வகுத்த கணக்கு அது. நுண்ணோக்கியில் செல்கள் எந்த அளவுக்கு ஒழுங்கு கலைந்து தெரிகின்றன என்பதற்கு எண் கொடுத்து, அதிகம் தெரியும் வகையையும் அதற்கடுத்த வகையையும் கூட்டுவது. இன்றைய கணக்கில் மொத்தம் 6 என்றால் மெதுவாக நகரும் நோய், 9ம் 10ம் வேகமாகப் போகும் நோய். இதில் வரிசையும் முக்கியம். 3+4 ஆன 7ஐவிட 4+3 ஆன 7 மோசமானது. ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் கூட்டுத்தொகையோடு நிறுத்திவிடாமல் அந்த இரண்டு எண்களையும் பாருங்கள்.

பிறகு சேலத்தில் எலும்பு ஸ்கேன். கதிரியக்க மருந்தை நரம்பில் ஏற்றி, அது எலும்பில் போய்ச் சேரும்வரை சில மணி நேரம் காத்திருந்து எடுப்பது. படத்தில் முதுகும் இடுப்பெலும்பும் ஒரு விலாவும் கறுத்துத் தெரிந்தன. அப்பா காத்திருப்புக் கூடத்தில் எதிரே உட்கார்ந்திருந்த ஊத்தங்கரைக்காரர் ஒருவரிடம் மாங்காய் விலை பேசிக்கொண்டிருந்தார். என்ன பரிசோதனை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

சொல்லாதே என்றவர்கள்

ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்த அன்று ராத்திரியே பெரியப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். "அவன்கிட்ட கேன்சர்னு சொல்லாத. சொன்னா அன்னிக்கே படுத்துடுவான். நீர்க்கட்டின்னு சொல்லிக்கலாம்" என்றார். அம்மாவும் அதையே சொன்னாள். பெங்களூரிலிருந்து வந்திருந்த அண்ணனுக்கு இரண்டு மனம். எனக்கு ஒரே மனம்தான் இருந்தது. அப்பாவிடம் சொல்ல வேண்டும். மகள் இதில் பேசுவது பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "இது ஆம்பளைங்க சமாச்சாரம், நீ ஏம்மா?" என்றார். அன்பில்லாமல் சொன்னதல்ல. அப்பாவின் தம்பி ஒருவர் வாய்ப் புற்றுநோயில் போனபோது கடைசிவரை அவரிடம் சொல்லாமலே பார்த்துக்கொண்ட குடும்பம் இது. அதைப் பெரிய காரியமாக நினைத்துச் செய்தவர்கள். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால், சொல்லாமல் இருப்பதில் ஒரு கருணை இருக்கலாம்.

புராஸ்டேட் புற்றுநோயில் நிலைமை அப்படி இல்லை. இந்த நோயில் ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று வழி இருக்கும். எந்த வழியில் போனாலும் ஆயுள் ஏறக்குறைய ஒன்றாக இருக்கக்கூடும். ஆனால் வாழ்கிற வாழ்க்கை வேறு வேறாக இருக்கும். அந்த வாழ்க்கையை வாழப்போகிறவரைக் கேட்காமல் அதில் எதை எடுப்பது?

இதை எனக்கு முன்பே உணர்த்தியவர் என் பெரியம்மா மகன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நோய் ஆரம்பத்திலேயே, சுரப்பிக்குள் இருக்கும்போதே தெரிந்துவிட்டது. கிளீசன் 3+3. மருத்துவர் மூன்று வழி சொன்னார். சுரப்பியை மொத்தமாக எடுத்துவிடலாம், கதிர்வீச்சு கொடுக்கலாம், அல்லது ஒன்றும் செய்யாமல் பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் மறுபடி சதைப் பரிசோதனை என்று கண்காணித்துக்கொண்டே வரலாம். மகன்கள் இருவரும் பெங்களூரில் ரோபோ ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டார்கள். உடம்பில் கேன்சரை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. இங்கிலாந்தில் 'ப்ரொடெக்ட்' என்ற ஆய்வில், சுரப்பியைத் தாண்டாத நோய் உள்ள 1,643 ஆண்களை இந்த மூன்று வழிகளுக்கும் குலுக்கல் முறையில் பிரித்து, 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். எந்தப் பிரிவிலும் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். கண்காணிப்பில் இருந்தவர்களில் நோய் பரவியது மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பலருக்குப் பின்னால் சிகிச்சையும் தேவைப்பட்டது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சிறுநீர்க் கசிவும் தாம்பத்தியக் குறைவும் அதிகம். கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குக் குடல் தொந்தரவு அதிகம்.

ஓசூர் அண்ணன் கண்காணிப்பைத் தேர்ந்தெடுத்தார். அண்ணிக்கு இன்னும் அதில் முழு சம்மதம் இல்லை. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் முந்தைய வாரம் அவர் தூங்குவதில்லை. இன்னொருவர் இதே ரிப்போர்ட்டோடு ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதுவும் சரிதான். ரிப்போர்ட் அவ்வளவுதான் சொல்லும். மீதியைச் சொல்ல வேண்டியவர் அந்த ஆள்.

ஊர்ப்பக்கம் இருப்பவர்களுக்குக் கதிர்வீச்சில் இன்னொரு கணக்கும் உண்டு. அது பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள், திட்டத்தைப் பொறுத்து நான்கு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை போகும். சேலத்திலோ வேலூரிலோ பெங்களூரிலோ அறை எடுத்துத் தங்கி, தினமும் சில நிமிடத்துக்காகப் போய்வர வேண்டும். மாட்டை யார் கட்டுவது, தண்ணீர் யார் பாய்ச்சுவது என்ற கேள்விக்குப் பதிலில்லாமல் பாதியில் நிறுத்திவிட்டு வந்தவர்களை நான் அறிவேன். பாதியில் நிறுத்திய கதிர்வீச்சால் வரவேண்டிய பலன் வராது. முன்கூட்டியே மனம்விட்டுக் கேட்டிருந்தால் வேறு வழி சொல்லியிருப்பார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள், எந்தச் சிகிச்சை எந்த மருத்துவமனையில் அதில் வருகிறது என்று முதல் நாளே காப்பீட்டு மேசையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு அந்த அட்டை கிடைக்கும். வருமானச் சான்றுக்கு நோய் வந்த பிறகு ஓடுவது பெரும்பாடு.

"காயடிக்கிறதா?"

அப்பாவின் நோய் எலும்புக்குப் போய்விட்டதால் சுரப்பியை எடுத்துத் தீர்க்கும் கட்டம் தாண்டியிருந்தது. அங்கே முதல் சிகிச்சை ஆண் ஹார்மோனை நிறுத்துவது. இந்தப் புற்றுநோய் அந்த ஹார்மோனை உண்டுதான் வளர்கிறது. 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர், பரவிய நோயுள்ளவர்களுக்கு விதைகளை எடுத்தபோது வலி குறைந்து நோய் சுருங்குவதைக் காட்டினார். 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் அடிப்படை அதுதான். வழி மட்டும் இரண்டாகியிருக்கிறது. ஒன்று, அதே சின்ன ஆபரேஷன். இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து, விதைகளை எடுத்துவிட்டு, பெரும்பாலும் அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சில மணி நேரத்திலேயே ஹார்மோன் இறங்கிவிடும். ஒரு முறை செய்தால் முடிந்தது. மற்றது, மூளையிலிருந்து போகும் உத்தரவை நிறுத்தி அதே வேலையைச் செய்யும் ஊசி. மாதம் ஒன்று, அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று. காலம் முழுக்கப் போட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. வெளியே வாங்கினால் ஒவ்வொன்றும் பல ஆயிரம் ரூபாய்.

அண்ணனும் பெரியப்பாவும் ஊசி என்று முடிவு செய்துவிட்டார்கள். செலவானாலும் பரவாயில்லை, அப்பாவுக்கு அந்த அவமானம் வேண்டாம் என்பது அவர்கள் எண்ணம். ஆபரேஷன் ஒன்று இருக்கிறது என்பதையே அவரிடம் சொல்லக்கூடாது என்றும் பேசிக்கொண்டார்கள். மருத்துவரைப் பார்க்கப் போனபோது அவரும் எங்களைப் பார்த்துதான் பேசினார். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். அப்பா ஓரத்து ஸ்டூலில், மடியில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேன்: "சார், அப்பாகிட்டயே சொல்லுங்க. நோய் பேரு, என்னென்ன வழி இருக்கு, எல்லாம். அவர் புரிஞ்சுக்குவாரு." அண்ணன் என் கையைப் பிடித்தான். மருத்துவர் இளைஞர். ஒரு நிமிடம் அண்ணனைப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை அப்பா பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"அய்யா, உங்களுக்கு ஒண்ணுக்குப் பைக்குக் கீழ ஒரு சுரப்பியில புற்றுநோய் வந்திருக்கு. அது முதுகெலும்புக்கும் போயிருக்கு. அதான் ராத்திரி வலி."

அப்பா தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் துண்டின் கரையை நீவிக்கொண்டிருந்தார். "தீந்துருமா?" என்று கேட்டார்.

"தீராதுங்க அய்யா. ஆனா கட்டுப்படுத்தி வைக்கலாம். நிறைய பேர் இதோட வருசக்கணக்குல நடமாடுறாங்க. உங்களுக்கு எத்தனை வருசம்னு இப்ப என்னால சொல்ல முடியாது. மருந்துக்கு உடம்பு எப்படிக் கேக்குதுன்னு பாத்தாத்தான் தெரியும்."

அப்புறம் ஹார்மோனைப் பற்றிச் சொன்னார். ஊசியைச் சொன்னார். ஆபரேஷனைச் சொல்ல ஆரம்பித்து, எந்த வார்த்தையில் சொல்வது என்று தடுமாறியபோது அப்பாவே கேட்டார்: "காயடிக்கிறதா?"

அறையில் எல்லோரும் அசையாமல் நின்றோம். மருத்துவர் கண்ணை விலக்கவில்லை. "ஆமாங்க அய்யா. அதேதான்."

அப்பா வாழ்நாள் முழுக்க மாடு வைத்திருந்தவர். பென்னாகரத்துப் பக்கத்து ஆலம்பாடிக் காளைகளை ஏருக்குப் பழக்கியவர், போச்சம்பள்ளிச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கியவர். காயடிப்பு என்றால் என்ன, அதற்குப் பிறகு ஒரு காளையின் உடம்பில் என்னென்ன மாறும் என்பது அந்த அறையில் மருத்துவருக்கு அடுத்து அவருக்குத்தான் தெரியும். நாங்கள் எல்லோரும் எதை மறைக்கப் பார்த்தோமோ, அதைப் பற்றி அவர் ஒரு விவசாயியாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். "காயடிச்ச மாடு சதை போடும், திமில் எறங்கும். எனக்கும் அப்படி ஆகுமா?" ஆகும் என்றார் மருத்துவர். தசை குறையும், வயிற்றில் கொழுப்பு கூடும், எலும்பு பலவீனமாகும், திடீர் திடீரென்று உடம்பு தீயாய்ச் சூடேறும், அசதி வரும், தாம்பத்திய ஆசை போய்விடும். சர்க்கரையையும் இதயத்தையும் கவனிக்க வேண்டும். "ஏர் இழுக்குமில்ல?" என்று அப்பா கேட்டார். தினமும் நடந்து, கை கால்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தால் பழைய பலம் முழுதும் இல்லாவிட்டாலும் தோட்ட வேலை செய்யலாம் என்றார். முதுகெலும்பு அழுத்தத்தில் இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. பார்த்த பிறகு எவ்வளவு தூக்கலாம் என்று சொல்கிறேன் என்றார். ஊசியிலும் இதே விளைவுகள்தானா என்று கேட்டார். இதேதான் என்றார் மருத்துவர். அண்ணன் அப்போது நிமிர்ந்து பார்த்தான். ஊசி என்றால் அந்தப் பாதிப்புகள் வராது என்றே அவன் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த கேள்வியில்தான் எல்லாம் மாறியது.

"காளையக் காயடிச்சா திரும்ப மாத்த முடியாது. ஊசிய நிறுத்தினா பழையபடி வருமா?"

"பெரும்பாலும் வரும். உங்க வயசுக்கு மெதுவா வரும், முழுசா வராமலும் போகலாம்."

"அப்ப மொதல்ல ஊசி போடுங்க. மூணு மாசம் இந்த ஒடம்பு எப்படி இருக்குதுன்னு நான் பாக்கறேன். பழகிக்கிட்டேன்னா ஆபரேசன் பண்ணிக்கலாம். வெதைக்கிற நேரத்துல ஊசிக்கு ஓட முடியாது."

மருத்துவர் அதை மறுக்கவில்லை. அப்படிச் செய்வது உண்டு என்றார். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக ஹார்மோன் சிகிச்சையையே விட்டுவிட முடியாது. தொந்தரவுகளுக்கு மருந்து கொடுக்கலாம், நோயைத் தீனி போட்டு வளர்க்க முடியாது. அப்பாவுக்கு அது புரிந்தது. அண்ணன் ஊசி என்றான், செலவை நினைத்து நான் மனதுக்குள் ஆபரேஷன் என்று நினைத்திருந்தேன். முதலில் ஒன்றைப் பார்த்துவிட்டு அப்புறம் மற்றதற்குப் போகலாம் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்கவும் முடியாது. நாங்கள் யோசித்தது அப்பாவின் மானத்தைப் பற்றி. அவர் யோசித்தது தன் உடம்பைப் பற்றியும் தன் நிலத்தைப் பற்றியும். சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்கு ஊசி போட்டிருப்போம். வருடக் கணக்கில் அவர் எதற்கென்று தெரியாமல் சேலத்துக்கு வந்துகொண்டிருப்பார். உடம்பு ஏன் தீயாய் எரிகிறது, கை ஏன் தளர்கிறது, ஆசை ஏன் போனது என்று ஒவ்வொன்றுக்கும் தானே ஒரு காரணம் கண்டுபிடித்து உள்ளுக்குள் மருகிக்கொண்டிருப்பார். அவரிடம் சொல்லாமல் மறைக்க முடியும். அவர் உடம்பு அவரிடம் மறைக்காது. என் கட்சிக்கு நான் வைக்கும் வாதம் இதுதான். இதற்குப் பெரியப்பாவிடமிருந்து எனக்கு இன்னும் பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா முதலில் அம்மாவிடம் பேசினார். திண்ணையில் உட்கார்ந்து ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். எங்களில் யாரும் அம்மாவின் எண்ணத்தைக் கேட்டிருக்கவில்லை. இத்தனைக்கும் இந்தச் சிகிச்சை ஒரு தாம்பத்தியத்தைத் தொடுகிறது, இரண்டு பேரைத் தொடுகிறது. அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ராத்திரி முனகாமத் தூங்குனீங்கன்னாப் போதும்" என்றாள். கொஞ்சம் கழித்து என்னிடம் வந்து, உடம்பு சூடேறும் என்றால் கம்பங்கூழ் கொடுக்கலாமா, ராகிக் கூழ் கொடுக்கலாமா என்று கேட்டாள்.

ஊசிக்குப் பிறகு

முதல் ஊசிக்கு முன்பே ஒரு மாத்திரையை ஆரம்பித்தார்கள். இந்த வகை ஊசி, ஹார்மோனை நிறுத்துவதற்கு முன் முதல் ஒன்றிரண்டு வாரம் அதை ஏற்றிவிடும். முதுகெலும்பில் நோய் இருப்பவருக்கு அந்த ஏற்றத்தில் தண்டுவடம் நசுங்கும் ஆபத்து உண்டு. பைகலூட்டமைடு மாத்திரை அந்த ஏற்றம் நோயைத் தொடாமல் தடுக்கும். எம்.ஆர்.ஐ.யில் அப்பாவின் தண்டுவடம் அழுத்தமில்லாமல் இருந்ததால்தான் மருத்துவர் ஊசிக்கு ஒத்துக்கொண்டார். அழுத்தம் இருந்திருந்தால் உடனே ஹார்மோனை இறக்கும் ஆபரேஷனையோ, ஏற்றம் தராத வேறு ஊசியையோதான் சொல்லியிருப்பாராம். இந்த நோய் உள்ள யாருக்காவது திடீரென்று கால் மரத்தாலோ, நடக்கும்போது கால் துவண்டாலோ, சிறுநீரும் மலமும் கட்டுக்குள் இல்லாமல் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சில மணி நேரத் தாமதம்கூடக் காலை நிரந்தரமாக முடக்கிவிடலாம்.

இப்போதெல்லாம் ஹார்மோனை நிறுத்துவதோடு விடுவதில்லை. ஆரம்பத்திலேயே இன்னொன்றைச் சேர்த்தால் ஆயுள் கூடுகிறது என்பது 2015க்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. அந்த இன்னொன்று டோசிடாக்சல் கீமோவாக இருக்கலாம், அபிராடெரோன் போன்ற மாத்திரையாகவும் இருக்கலாம். இதையும் அப்பாவிடமே கேட்டோம். அவர் மாத்திரை என்றார். அபிராடெரோனை இந்தியக் கம்பெனிகள் பல தயாரிப்பதால் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒரு கடையில் கேட்டதோடு நிறுத்த வேண்டாம். அதைப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையோடு சேர்த்துத்தான் கொடுப்பார்கள். வெறும் வயிற்றில் போட வேண்டும். போடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பும் போட்டு ஒரு மணி நேரம் வரையும் எதுவும் சாப்பிடக் கூடாது. ரத்த அழுத்தமும் பொட்டாசியமும் கல்லீரலும் அடிக்கடி பார்க்கப்பட வேண்டும். அதிகாலைக் கூழ் குடித்துப் பழகிய உடம்புக்கு அந்தக் காத்திருப்புதான் மருந்தைவிடக் கஷ்டமாக இருந்தது. அம்மா கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கிறாள். எலும்பைப் பலப்படுத்தும் ஊசிக்கு முன் பல் மருத்துவரைப் பார்த்து வரச் சொன்னார்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முதலிலேயே பிடுங்கிவிட வேண்டும். அந்த ஊசி ஏறிய பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். ஃப்ளோரைடில் பல் போன எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

மூன்று மாதம் அப்பா தன் உடம்பைப் பார்த்தார். சொன்னபடியே பார்த்தார். சூடேறும்போது கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். தக்காளிப் பெட்டி தூக்குவதை விட்டுவிட்டார், தூக்குபவர்களுக்குக் கணக்கு எழுதினார். இரண்டாவது வாரத்திலேயே ராத்திரி வலி குறைந்து தூங்கினார். கோபம் குறைந்துவிட்டதாக அம்மா சொன்னாள், காரணமில்லாமல் கண் கலங்குகிறது என்றும் சொன்னாள். மனநிலை மாற்றமும் இந்தச் சிகிச்சையில் வரக்கூடியதுதான். அதைப் பக்கத்தில் இருப்பவர்கள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த ஊசித் தேதி வந்தபோது, "ஆபரேசனுக்குச் சொல்லிடு பாப்பா" என்றார். காப்பீட்டு அட்டையில் நடந்தது. மறுநாள் வீட்டுக்கு வந்தோம். பெரியப்பா பார்க்க வந்தபோது அப்பாவே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார், தக்காளி விலை சொல்வதுபோல. பெரியப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

இப்போது பி.எஸ்.ஏ. 0.8. இந்த நிலை எவ்வளவு காலம் நீடிக்கும் என்று தெரியாது. ஹார்மோன் இல்லாமலும் வளரக் கற்றுக்கொள்ளும் நோய் இது. அப்போது எடுக்க வேறு மருந்துகள் இருக்கின்றன. மருத்துவர் அதையும் அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்தால் மற்ற ஆண்களுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. பரவிய நோய் உள்ளவர்களுக்கு பி.ஆர்.சி.ஏ.2 போன்ற மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். இருந்தால் சிகிச்சையில் இன்னொரு வகை மருந்துக்கு வழி திறக்கும். மகள்களுக்கும் அது முக்கியம், மார்பகத்திலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பை அதே மரபணு கூட்டுகிறது. அப்பாவின் ரத்தத்தை அதற்கு அனுப்பியிருக்கிறோம். ஐம்பதைத் தொட்ட அண்ணன் போன வாரம் பெங்களூரிலேயே பி.எஸ்.ஏ. பார்த்துவிட்டான். 1.1 என்று அப்பாவுக்குத்தான் முதலில் போன் செய்து சொன்னான். பெரியப்பாவின் இரண்டு மகன்களிடமும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மூத்தவன் கிருஷ்ணகிரியில் ரத்தம் கொடுத்துவிட்டான், இளையவன் மாங்காய் சீசன் முடியட்டும் என்கிறான்.